ஐவர் ஜென்னிங்ஸின் தாள்கள்: கம்போங் மேடானிலிருந்து கிள்ளான் வரை

கம்போங் மேடான்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் மின்ரயில், பந்தாய் டாலாமையும் பெட்டாலிங்கையும் கடந்தபின் கம்போங் டத்தோ ஹாருன் என்ற சிறிய நிலையத்தில் நிற்கிறது. அதையடுத்து, பழைய கிள்ளான் சாலைக்கும் புதிய பந்தாய் விரைவுச்சாலைக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் குடியிருப்புகளுள் ஒன்று கம்போங் மேடான். தகரக் கூரை போட்ட பழைய கம்பத்து வீடுகள் பலவும் அடுக்குமாடிகளாக மாறிவிட்டன. ஆயினும் மாடிப்படியின் கீழே துளசி மாடமும் வாசலில் மாவிலைத் தோரணமும் வைத்து, பக்கத்து வீட்டு மலாய்க்காரருடன் ஒரே நடைவழியைப் பங்கிட்டுக்கொள்ளும் வாழ்க்கை தொடர்கிறது. நாளிதழ் படிப்போர்க்கு இந்த ஊரின் பெயர் 2001 மார்ச்சில் ஆறு உயிர்களைப் பலிகொண்ட கலவரத்தால் மட்டுமே தெரியும். அந்த ஒரு வாரத்தைக்கொண்டு ஊரை அளப்பது முறையன்று. அதற்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளில் இங்கே நடந்ததெல்லாம், விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் நகரத்தின் ஓரத்தில் கால் ஊன்றப் பட்ட பாடுதான்.

தமிழகத்திலிருந்து செல்பவர் முதலில் கவனிப்பது, இங்குள்ளோர் அடையாள அட்டையைப் பற்றிப் பேசும் முறை. தமிழகத்தில் குடும்ப அட்டை அரிசிக்கும் சர்க்கரைக்கும் உரியது. அதன் நிறம் மாறினால் சலுகை மாறும், நாடு மாறாது. மலேசியாவில் 'ஐ.சி.' எனப்படும் அட்டை நீலமாக இருந்தால் குடிமகன், சிவப்பாக இருந்தால் நிரந்தரவாசி, பச்சையாக இருந்தால் தற்காலிகவாசி. இந்த நிறங்களுக்கேற்ப ஒருவருடைய வாக்கு, வேலை, கடன், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை ஆகிய அனைத்தும் பிரிந்து போகின்றன. காலையில் நாசி லெமாக்கும் பருப்பு வடையும் விற்கும் சாலையோரக் கடையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபடியே உட்கார இடம் காட்டிய மூதாட்டி ஒருவர், பேச்சு அட்டைப் பக்கம் திரும்பியதும் வீட்டிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துவரச் செய்தார். சிவப்பு ஐ.சி., தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பழைய சந்தா அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்த ஒரு மருத்துவச் சீட்டு ஆகியவை அதில் இருந்தன. பிறப்புப் பத்திரம் மட்டும் இல்லை. "மெர்டேக்கா வர்றதுக்கு முன்னாடி பொறந்தேனாம். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிராணி எழுதுனாத்தான் பேரு, எழுதலன்னா இல்ல," என்றார். மெர்டேக்கா என்பது மலாயாவின் சுதந்திரம்; கிராணி என்பவர் தோட்டத்து அலுவலக எழுத்தர். வெள்ளைக்காரத் துரைக்கும் பால்மரம் வெட்டுவோர்க்கும் இடையே எழுத்தறிந்த ஒரே ஆளாகப் பல தோட்டங்களில் அவரே இருந்தார்.

அந்த டின்னில் இருந்தவையும் ஒருவகை ஆவணத் தொகுப்பே. ஆவணக் காப்பியலில் 'தனித்தாள்கள்' எனப்படுவது, ஒருவர் தம் வாழ்நாளில் எழுதிய, பெற்ற, சேர்த்துவைத்த கடிதங்கள், குறிப்பேடுகள், வரைவுகள் ஆகியவற்றை அவர் இறந்தபின் ஒரு நிறுவனம் முழுமையாகப் பேணுவதைக் குறிக்கும். அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் இதை 19ஆம் நூற்றாண்டுப் பேராசிரியர்களுக்கே செய்துவைத்துள்ளன. ஹார்வர்டில் சட்டம் கற்பித்த சைமன் கிரீன்லீஃப் (1783–1853) அவர்களுள் ஒருவர். அவருடைய தாள்கள் ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகத்தில் உள்ளன. சாட்சியச் சட்டத்துக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் செல்வாக்கோடு விளங்கிய நூலை எழுதியவர் என்றே அவர் அறியப்படுகிறார். ஆனால் ஆப்பிரிக்கக் கரையில் 1847இல் தோன்றிய லைபீரியக் குடியரசின் முதல் அரசியலமைப்பை வரைந்த பெருமையும் பொதுவாக அவருக்கே வழங்கப்படுகிறது. அந்த அரசியலமைப்பு கறுப்பினத்தவர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்று விதித்தது. அமெரிக்காவிலிருந்து சென்று குடியேறியவர்களின் நாடாக அது அமைந்ததால், அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை குடிமக்களாகக் கொள்ளப்படவில்லை. தொலைவில் ஒரு மேசைமீது ஒரு பேராசிரியர் எழுதும் வரி, தாம் காணாத மக்களில் யார் உள்ளே யார் வெளியே என்பதைத் தீர்மானித்த பழைய சான்றுகளில் இது ஒன்று. மலாயாத் தமிழரின் கதையிலும் அத்தகைய ஒரு பேராசிரியர் உண்டு. அவர் பெயர் ஐவர் ஜென்னிங்ஸ்.

பந்தாய் பள்ளத்தாக்கு

பெட்டாலிங் ஜெயாவின் நெரிசலிலிருந்து மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துள் நுழைந்தவுடன் வெயில் தணிந்ததுபோல் இருப்பது மரங்களால்தான். மதியம் தாண்டினால் மழை வந்துவிடும் என்பதால் மாணவர் காலையிலேயே நடந்து முடிக்கின்றனர். இங்குள்ள சட்ட நூலகம் தான் ஸ்ரீ அகமது இப்ராகிமின் பெயரைத் தாங்குகிறது. சிங்கப்பூர் குடியரசின் முதல் தலைமை வழக்கறிஞராக இருந்து, பின்னர் கோலாலம்பூருக்கு வந்து, 1972இல் தொடங்கிய இப்பல்கலைக்கழகச் சட்டப் புலத்தின் முதல் தலைவரானவர் அவர்.

ஜென்னிங்ஸின் தனித்தாள்கள் இங்கே இல்லை. அவை லண்டன் பல்கலைக்கழகத்துக் காமன்வெல்த் ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பாக, செனட் ஹவுஸ் கட்டடத்தில் உள்ளன. அவற்றிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் அவர் எழுத்துகளை ஹர்ஷன் குமரசிங்கம் என்ற வரலாற்றாசிரியர் அண்மைக் காலத்தில் தேர்ந்தெடுத்துப் பதிப்பித்துள்ளார். மலாயா அரசியலமைப்பு உருவான விதத்தை ஜோசப் ஃபெர்னாண்டோ என்ற மலேசிய வரலாற்றாசிரியர் நூலாக எழுதியுள்ளார். இவற்றைப் படித்துவிட்டுப் பின் கம்போங் மேடானை நினைப்பவர்க்கு ஜென்னிங்ஸ் வெறும் பெயராக இருக்க மாட்டார்.

1903இல் பிரிஸ்டலில் எளிய குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, லண்டன் பொருளியல் பள்ளியில் கற்பித்து, முப்பது வயதிலேயே பிரித்தானிய அரசியலமைப்பைப் பற்றி அந்நாட்டார் இன்றும் மேற்கோள் காட்டும் நூலை எழுதியவர் அவர். 1941இல் கொழும்புக்கு வந்து, அடுத்த ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். பகலில் பல்கலைக்கழகம் கட்டுவதும் மாலையில் டி.எஸ். சேனநாயக்காவுக்காக அரசியலமைப்பு வரைவதுமாக அவர் வாழ்க்கை நடந்தது. பின்னர் பாகிஸ்தானுக்கும் நேபாளத்துக்கும் அவரே ஆலோசகரானார். ஆசியாவின் புதிய நாடுகளுக்கு அரசியலமைப்பு எழுதும் தொழில் என்று ஒன்று இருந்திருக்குமானால் அதை நடத்தியவர் ஜென்னிங்ஸ் என்றே சொல்லவேண்டும். அத்தொழிலில் அவர்க்கு ஊதியத்தைவிட ஆர்வமே மிகுதி என்பதும் தெரிகிறது.

வளாகத்தின் மற்றொரு மூலையில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின் இங்கு வந்த அத்துறைக்கும் அதன் தமிழ் நூல்களுக்கும் பின்னால், 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி திரட்டிய நிதி உண்டு. தோட்டத் தொழிலாளர் ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கொடுத்துச் சேர்த்த பணம் அது. தனிநாயகம் அடிகள் இத்துறையில் பேராசிரியராக இருந்து, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவருள் எத்தனை பேர் நீல அட்டை பெற்றனர் என்ற கேள்வி நூலக அடுக்குகளுக்கு இடையே நடக்கும்போது எழாமல் இருப்பதில்லை.

ஜாலான் டூத்தா

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் சுதந்திரம் கிடைத்த சில மாதங்களிலேயே, 1957 டிசம்பர் 1 அன்று, அரசு ஆவண அலுவலகமாகத் தொடங்கப்பட்டது. ஜாலான் டூத்தா என்று மக்கள் இன்றும் அழைக்கும், இப்போது துவாங்கு அப்துல் ஹாலிம் பெயரிலுள்ள சாலையில் அதன் கட்டடம் நிற்கிறது. கோலாலம்பூர் நீதிமன்ற வளாகமும் அதே சாலையில் உள்ளது. அமைச்சர்கள், மொழியறிஞர்கள், ஆங்கிலேய அதிகாரிகள் ஆகியோர் விட்டுச்சென்றவற்றுக்கெனத் தனியார் தாள்கள் என்ற பிரிவு இங்கே உண்டு. மலாய் இலக்கண அறிஞர் ஸாபாவின் தாள்களும், மலாயாச் சீனர் சங்கத்தை நிறுவிய தான் செங் லோக்கின் தாள்களும் அவற்றுள் அடங்கும். தான் செங் லோக்கின் தொகுப்பு கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்குமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒருவருடைய நினைவு இரண்டு நாடுகளில் பாதி பாதியாக இருப்பது இந்த வட்டாரத்தில் வியப்புக்குரியதன்று.

1956 ஜனவரி, பிப்ரவரியில் லண்டனில் நடந்த மாநாடு, மலாயாவுக்கு அரசியலமைப்பு வரைய ஐந்து பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைக்க முடிவு செய்தது. தலைவர் பிரித்தானிய நீதிபதி ரீட் பிரபு. உறுப்பினர்கள் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலிய முன்னாள் தலைமை ஆளுநர் வில்லியம் மெக்கெல், அலகாபாத் உயர்நீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக், பாகிஸ்தான் நீதிபதி அப்துல் ஹமீது. மலாயாவில் பிறந்த ஒருவரும் அதில் இல்லை. இனப் பகை இல்லாத அயலார் எழுதினால் நடுநிலை கிடைக்கும் என்று மலாய்க்காரர், சீனர், இந்தியர் கட்சிகள் சேர்ந்த கூட்டணியின் தலைவர்களே நம்பியதால் அவ்வாறு அமைந்தது. ஆணையம் 1956 ஜூன் முதல் அக்டோபர் வரை மலாயாவில் தங்கி, 131 மனுக்களைப் பெற்று, 118 முறை கூடியது. பின்னர் ரோம் நகருக்குச் சென்று அறிக்கையை எழுதியது. 1957 பிப்ரவரியில் வெளிவந்த அந்த அறிக்கையின் வரைவு வேலையில் ஜென்னிங்ஸின் பங்கு பெரிது என்பதை வரலாற்றாசிரியர் ஒப்புகின்றனர். மற்றவர்கள் நீதிபதியாகவோ அரசியலராகவோ வாழ்ந்தவர்கள். அரசியலமைப்புகளை எழுதுவதும் விமர்சிப்பதும் அவர் ஒருவருக்கே நாள்தோறும் செய்யும் வேலை.

ஆணையம் எடுத்த முடிவுகளுள் தமிழர் இரண்டை அறியவேண்டும். முதலாவது மொழி. மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசத் தெரியாத உறுப்பினர், முதல் 10 ஆண்டுகளுக்கு, சட்டமன்றத்தில் சீன அல்லது இந்திய மொழியில் பேச வரம்புக்குட்பட்ட உரிமை பெறலாம் என்று பெரும்பான்மை உறுப்பினர் பரிந்துரைத்தனர். அப்துல் ஹமீது இதை ஏற்கவில்லை. பின்னர் கூடிய பணிக்குழு இதை நீக்கிவிட்டது. மலாயா நாடாளுமன்றத்தில் தமிழ் ஒலிக்க இருந்த வாய்ப்பு ஓர் அறிக்கையின் பத்தியாக மட்டும் தங்கிவிட்டது என்பதை இன்று மலேசியத் தமிழருள்ளும் பலர் அறியார்.

இரண்டாவது குடியுரிமை. சுதந்திர நாளன்றும் அதன்பின்னும் மலாயாக் கூட்டரசில் பிறக்கும் ஒவ்வொருவரும், பெற்றோர் யாராயினும், குடிமகன் என்ற மண்பிறப்புக் கொள்கையை அறிக்கை ஏற்றது. இது ஆணையம் தானாகக் கண்டுபிடித்ததன்று. மலாய்க்காரர், சீனர், இந்தியர் கட்சிகள் கூட்டணிக்குள் செய்துகொண்ட உடன்பாடு. சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்க்கும் வெளியே பிறந்து இங்கு வாழ்ந்தவர்க்கும் வேறு வழி வைக்கப்பட்டது. அவர்கள் உரிய காலம் இங்கு வசித்ததை நிறுவி விண்ணப்பம் செய்து பதிவுபெற வேண்டும். சுதந்திர நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்வு வேண்டியதில்லை. காகிதத்தில் இது தாராளமான ஏற்பாடு. ஆனால் அந்த ஓராண்டு, நகரத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்கவேண்டிய, விண்ணப்பம் எழுதக் கிராணியை நம்பவேண்டிய தோட்டத்தவர்க்கு எப்படிக் கழிந்தது என்பதை எந்த மனுவும் சொல்லவில்லை. அன்றைய மலாயாவில் இந்தியர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். அவர்களுட் பெரும் பகுதியினர் தோட்டங்களில் இருந்தனர். விண்ணப்பிக்காமல் விட்டவர்க்கு விளைவு பத்தே ஆண்டுகளில் தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்று விதித்தபோது, பல்லாயிரம் பேர் கப்பலேறிப் பார்த்தறியாத 'ஊருக்கு'த் திரும்பினர்.

காப்பகத்தின் வாசிப்பறையில் பழைய தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய கோப்புகளைத் தேடிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இதைக் கேட்டுச் சிரித்தார். "இங்க எல்லாம் இருக்கு. துரை துரைக்கு எழுதினது, துரை கவர்னருக்கு எழுதினது. எங்க தோட்டம் வித்த அன்னைக்கு ஆபீஸ்ல இருந்த செக்ரோல் புத்தகத்த என்ன பண்ணாங்க தெரியுமா? பின்னால போட்டுக் கொளுத்திட்டாங்க." செக்ரோல் என்பது நாள்தோறும் யார் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்தார், எவ்வளவு கூலி என்று எழுதப்பட்ட பதிவேடு. ஒரு தொழிலாளி எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு அதைவிட நேரான சான்று இல்லை. வசிப்பிடத்தை நிறுவுமாறு கேட்ட சட்டத்தின் வரைவுத்தாள்கள் லண்டனில் பத்திரமாக இருக்க, அதை நிறுவக்கூடிய ஏடு தோட்டத்துப் பின்கட்டில் எரிந்தது. இதை விதியின் விளையாட்டு என்று ஒதுக்குவது எளிது. எவருடைய காகிதம் பேணத் தக்கது என்று யார் முடிவு செய்தனர் என்பதையே ஆராயவேண்டும். ஆசிரியர் தம்மாலான அளவில் மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளைத் தேடிச் சேர்த்து வருகிறார். தேநீர் இடைவேளையில் கேட்டபோது, அவற்றை இக்காப்பகத்துக்குத் தருவதா தமிழ் அமைப்பு ஒன்றிடம் தருவதா என்று தாம் இன்னும் முடிவு செய்யவில்லை என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸ்

ஆவணக் காப்பகத்தின் குளிரூட்டிய அமைதிக்குப் பின் பிரிக்ஃபீல்ட்ஸ் மனிதர்க்கு உயிர் கொடுக்கும் இரைச்சல். மல்லிகைச் சரம், புடவைக் கடை, கிளி சோதிடர், இந்தி நாட்டியப் பாட்டு, வாழை இலைச் சோற்றுக் கடைகளில் கேட்காமலே இரண்டாம் முறை விழும் பாகற்காய்ப் பொரியல் எனத் தமிழகத்தின் ஒரு மாவட்டத் தலைநகரைப் பெயர்த்து வைத்தாற்போன்ற தெரு. எனினும் கடைக்காரர் சீன வாடிக்கையாளரிடம் கேண்டனீஸில் விலை சொல்வதும், அடுத்த மேசையில் மலாய்க் குடும்பம் கையால் ரசம் பிசைவதும் அது வேறு நாடு என்பதை நினைவூட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூரைச் செங்கல்லால் மீண்டும் கட்டச் சூளைகள் இருந்த இடமாதலால் இப்பெயர். 2010இல் அரசு இதைக் குட்டி இந்தியாவாக அறிவித்துத் தோரண வாயில் கட்டியது; அதற்கு முன் இங்கே குட்டி யாழ்ப்பாணமே இருந்தது.

மலாய் மாநில ரயில்வேயில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் சேர்ந்த யாழ்ப்பாணத் தமிழர் இங்கே குடியேறினர். ஸ்காட் சாலையில் உள்ள கந்தசாமி கோயில் அவர்களுடையது. ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்தமையால் அவர்களிடம் பிறப்புப் பத்திரம், பதவிக் கடிதம், ஓய்வூதிய ஆணை எனக் காகிதம் குறையாது இருந்தது. அவர்களுக்கு 1957 பெரும் இடர் தரவில்லை. ஒரே மொழி, ஒரே சமயம், ஒரே மலாயா. ஆயினும் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர்க்கும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்க்கும் சட்டம் ஒன்றாக இருந்தும் விளைவு ஒன்றாக இல்லை.

கோயில் வாசலில் பேசிய முதியவர் ஒருவரின் உறவினர் பாதிப் பேர் யாழ்ப்பாணத்தில். அவர் ஜென்னிங்ஸ் பெயரைக் கேட்டதும் முகம் மாறினார். "அந்த ஆள் எங்கட நாட்டுக்கும்தானே எழுதினவர்!" என்றார். அதில் பிழையில்லை. இலங்கையின் 1947 அரசியலமைப்பில் ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ பாதகமான சட்டத்தைத் தடுக்கும் 29ஆம் பிரிவு இருந்தது. ஆனால் யார் குடிமக்கள் என்பது அதில் எழுதப்படவில்லை. அந்தப் பொறுப்பு நாடாளுமன்றத்துக்கு விடப்பட்டது. சுதந்திரம் வந்த அதே ஆண்டில், 1948இல், குடியுரிமைச் சட்டம் நிறைவேறி மலையகத் தோட்டத் தமிழரைப் பெருமளவில் நாடற்றவராக்கியது. அவர்கள் வாக்குரிமையும் அடுத்த ஆண்டில் பறிபோனது. 29ஆம் பிரிவைக் காட்டித் தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1953இல் கோடகன் பிள்ளை வழக்குத் தீர்ப்பில் தோற்றது. ஜென்னிங்ஸ் இலங்கையில் பெற்ற பாடத்தை மலாயாவில் பயன்படுத்தினாரா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கொழும்பில் நாடாளுமன்றத்திடம் விடப்பட்டது கோலாலம்பூரில் அரசியலமைப்புக்குள்ளேயே மூன்றாம் பகுதியாக எழுதப்பட்டது என்ற வேறுபாட்டை எவரும் காணலாம். அதன் பயனும் பெரிது. மலையகத் தமிழர்க்கு 1948இல் நேர்ந்தது மலாயாத் தோட்டத் தமிழர்க்கு ஒரே நாளில் நேரவில்லை. நேர்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, ஆள் ஆளாக, காகிதம் இல்லாமையால்.

சென்னையோடும் ஜென்னிங்ஸுக்குத் தொடர்பு உண்டு. இந்திய அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பெயரிலான அறக்கட்டளைச் சொற்பொழிவை 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய அவர், இந்திய அரசியலமைப்பு மிக நீளமானது, மிக இறுக்கமானது என்று குறை கூறினார். அவர் வரைந்த சுருக்கமான இலங்கை அரசியலமைப்பு 1972 வரையே நின்றது. அவர் குறைகூறியது இன்றும் நிற்கிறது. இந்திய அரசியலமைப்பிலிருந்து மலாயா எடுத்துக்கொண்டவை பல என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சென்னையில் பேசியபின் நான்கே ஆண்டுகளில் அவர் தம் கருத்தைச் சற்றே மாற்றிக்கொண்டார் என்று கருத இடமுண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளைப் பற்றி எழுதிய எச்.டபிள்யூ. தம்பையாவுடன் சேர்ந்து அவர் 1952இல் இலங்கைச் சட்ட வரலாறு குறித்து ஒரு நூல் வெளியிட்டார். தமிழ்ச் சட்டமரபை அறியாதவர் அவர் என்று சொல்லிவிட முடியாது. கோயிலிலிருந்து வந்து வாழை இலைச் சோற்றுக் கடையில் உடன் உட்கார்ந்த முதியவர் இவையனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இலையில் இன்னும் கொஞ்சம் மீன்குழம்பு போடுமாறு பணியாளரைப் பார்த்துக் கை காட்டினார்.

கிள்ளான்

பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய சென்ட்ரல் நிலையத்திலிருந்து கிள்ளானுக்கு மீண்டும் அதே ரயில் பாதை. சுபாங் ஜெயா, ஷா ஆலம் ஆகிய ஊர்களை ரயில் கடக்கும்போது பக்கவாட்டில் தெரிவன கிடங்குகளும் அடுக்குமாடிகளும். ஒரு காலத்தில் அவையெல்லாம் பால்மரக் காடு. இன்று கிள்ளானுக்கு அப்பால் கடற்பக்கம் போனாலே செம்பனை தென்படும். ஆற்றங்கரையில் அமைந்த பழைய அரச நகரமான கிள்ளான், புத்து மாயம் எனப்படும் இடியாப்பத்துக்கும் பாக் குட் தே எனப்படும் பன்றிக்கறிச் சாற்றுக்கும் பெயர் பெற்றது. தெங்கு கெலானா சாலையில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடப்பதே அரிது. பிரிக்ஃபீல்ட்ஸைவிட இங்கே வணிகம் தமிழர் கையில் அதிகம் தங்கியுள்ளது. முறுக்குக் கடையில் கணக்கு எழுதுவதுகூடத் தமிழில் நடக்கிறது.

இந்த வட்டாரத் தோட்டங்களில் 1941இல் நடந்த வேலைநிறுத்தம் கூலிக்கு மட்டுமானதன்று. துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்ற கோரிக்கைகளும் அதில் இருந்தன. முன்னின்ற ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்; படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ரீட் ஆணையம் கோலாலம்பூரில் உட்கார்ந்தபோது அந்தத் தலைமுறையினர் இன்னும் தோட்டங்களில்தான் இருந்தனர்.

நகரத்தின் பழைய கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் உள்ள வழக்கறிஞர் அலுவலகத்தில், குடியுரிமைக் கோப்புகளைக் கவனிக்கும் எழுத்தர், சட்டக் கல்லூரியில் படித்தவர் அல்லர். ஆனால் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை அவர்க்கு மனப்பாடம். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்தவர், எந்த விண்ணப்பமும் இன்றி, சட்டத்தின் செயலாலேயே குடிமகன் என்பதை அவர் முதலில் சொன்னார். 1962 திருத்தத்துக்குப் பின் பிறந்தோர்க்கே பெற்றோருள் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. ஆகவே அந்த ஐந்து ஆண்டுகளில் பிறந்த ஒருவர் சிவப்பு அட்டையோடு முதுமை அடைந்திருந்தால், அவர் இரக்கத்துக்கு மனுப் போடவேண்டியவர் அல்லர். தமக்குரியதைக் காட்டிப் பெறவேண்டியவர். காட்டுவது எதை என்பதே சிக்கல். இந்தியாவில் 1872இல் இயற்றப்பட்ட சாட்சியச் சட்டத்தின் வழிவந்த மலேசியச் சாட்சியச் சட்டம், இறந்த உறவினர் ஒருவர் குடும்ப உறவைப் பற்றி முன்பு கூறியதையும் சில நிபந்தனைகளுடன் ஏற்கிறது. எனவே பாட்டி சொன்ன பேச்சு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்ட மருத்துவமனையின் ஏடு, அக்காலத்தில் அடுத்த வீட்டிலிருந்தவரின் சத்தியப் பிரமாணம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கோத்து அவர் கோப்பைக் கட்டுகிறார். கிரீன்லீஃப் ஹார்வர்டில் கற்பித்த கலையை இவர் கிள்ளானில் செய்துகொண்டிருக்கிறார். கிரீன்லீஃப் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை, கேள்விப்படத் தேவையும் இல்லை.

இளையோர் கோப்புகள் வேறு வகை. பெற்றோர் கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, 1982 மார்ச்சிலிருந்து கட்டாயமான திருமணப் பதிவைச் செய்யாமல் விட்டிருந்தால், பிறக்கும் குழந்தை சட்டப்படி தாயின் நிலையையே பெறும். தந்தை நீல அட்டைக்காரராக இருந்தும் தாய் சிவப்பு என்றால் பிள்ளையின் கணக்கு தாயைக்கொண்டே பார்க்கப்படும். முன்பெல்லாம் நிரந்தரவாசியின் பிள்ளைக்கும் பிறப்பினால் குடியுரிமை கிடைத்துவந்தது. 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்க்கு நெடுநாள் மறுக்கப்பட்ட உரிமையை வழங்கிய அதே கையால், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இருந்த இந்த வழியை நீக்கியது. 1957இல் மண்ணில் பிறந்தவர் எல்லாரும் என்று அகலமாகத் தொடங்கிய வாசல், 1962இலும் 2024இலும் இருமுறை ஒடுங்கியிருக்கிறது. இதில் ஜென்னிங்ஸுக்குப் பங்கில்லை, அவர் 1965இலேயே இறந்துவிட்டார்.

எழுத்தர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அருகிலுள்ள கோயில் ஒன்றின் மண்டபத்தில் மேசை போட்டு உட்காருகிறார். பூசை முடிந்து வருகிற இளம் தம்பதியரிடம் அவர் முதலில் கேட்பது திருமணம் பதிவாயிற்றா என்பதைத்தான். "தாலி கட்டியாச்சு, பதிவும் பண்ணிடுங்க தம்பி, புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி," என்று சொல்லிப் பாரத்தை நீட்டுகிறார்; பெரும்பாலோர் பிறகு வருவதாகச் சொல்லிப் பிரசாதத்தோடு நகர்கின்றனர், சிலர் உட்கார்ந்து நிரப்புகின்றனர்.